சிரல் பறந்ததா?

வெம்பாக்கம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சுவரில் போன மாதம் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். எங்கேயோ ஷெட் கட்டுகிற கம்பெனி ஆள் எடுக்கிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, பாவம். வெல்டர், ஃபிட்டர், ஹெல்பர் எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: ‘கொக்கு ஓட்டுநர், 2 பேர், உரிமம் அவசியம்’. ஆங்கில விளம்பரத்தை யாரோ கணினியில் போட்டு எடுத்திருக்கிறார்கள். அச்சடித்தவரும் படிக்கவில்லை, ஒட்டினவரும் படிக்கவில்லை.

படம் பிடித்துக்கொண்டு போய்ச் சித்தப்பாவிடம் காட்டினேன். சித்தப்பா பட்டு நெய்கிறவர். குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“இன்னாடா இது, கொக்கு ஓட்டறதுக்கு லைசென்ஸா? நாத்து வுட்டா நம்ம சின்னப் பசங்களே ஓட்டுவாங்களே.”

கிரேன் என்றேன். இங்கிலீஷில் கொக்கு, நாரை மாதிரிப் பறவைக்கும் அந்த மிஷினுக்கும் ஒரே பேர் என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரிக்கவில்லை. “சரியாத்தானே வெச்சிருக்கான்? கழுத்தை நீட்டுது, குனிஞ்சு எடுக்குது. நாம ஏன் அப்படி வெக்கல?” என்று கேட்டுவிட்டு நாடாவைத் தட்டப் போய்விட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான். ஆனால் அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் வேறு. 6 வருடத்துக்கு முன் இதே வலைப்பூவில் நான் எழுதிய ஒரு பதிவைத் திரும்பப் பெறவேண்டிய இடம்.

முதலில் கொக்கு விஷயத்தை முடித்துவிடலாம். பாரம் தூக்கும் பொறிக்குப் பறவை பெயர் வைத்தது இங்கிலீஷ்காரர்களின் தனிச் சாமர்த்தியம் இல்லை. பழைய கிரேக்கத்திலேயே ‘கெரானோஸ்’ என்றால் அந்தப் பறவையும் உண்டு, அந்தப் பொறியும் உண்டு. பிரெஞ்சில் ‘க்ரூ’ இரண்டுக்கும். ஜெர்மனில் பறவை ‘க்ரானிஷ்’, பொறி ‘க்ரான்’, வேர் ஒன்றுதான். போலந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே: அவர்களுடைய ‘ஷுராவ்’ பறவை, பாரம் தூக்கி, கூடவே கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் நெடுங்கழி. ரஷ்யாவிலும் கிணற்றுக் கழிக்கு அந்தப் பறவையின் பெயர்தான்.

அந்தக் கிணற்றுக் கழி நமக்குப் புதிதில்லை. நம்ம ஊர் ஏற்றம்தான் அது. யாழ்ப்பாணத்தில் துலா. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் சால், நடுவில் கால் ஊன்றிய மரம். ரஷ்யக் குடியானவன் அதைப் பார்த்துக் கழுத்து நீட்டிக் குனியும் பறவையைக் கண்டான். நம் குடியானவன் ‘ஏற்றுவது ஏற்றம்’ என்றான். தராசுபோல் ஆடுவதைப் பார்த்தவன் ‘துலா’ என்றான். ஒரே பொருள். ஒருவன் உருவத்தைப் பார்த்தான், ஒருவன் வேலையைப் பார்த்தான், ஒருவன் சமநிலையைப் பார்த்தான்.

பாரந்தூக்கி, பளுதூக்கி என்று நம் கலைச்சொற்காரர்கள் வைத்த பெயர்களும் ஏற்றத்தின் வழியில் வந்தவைதான். குறை ஒன்றும் இல்லை. ஆனால் சைட்டில் யாரும் சொல்வதில்லை, அங்கே எல்லாருக்கும் கிரேன்தான். ஒரே ஒரு வேடிக்கை: அந்தக் கிரேனின் நுனியில் தொங்குகிறதே, அதற்கு மட்டும் பேர் ‘கொக்கி’. சித்தப்பாவின் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியிலும் வரிசை வரிசையாய்க் கொக்கி. அட்டையில் துளை இருக்கிற இடத்தில் கொக்கி மேலே போகும், அதோடு பாவு இழை மேலே போகும், சேலையில் ஒரு மயில்கண் விழும். கொக்கிலிருந்து கொக்கி வந்ததா, இரண்டும் வளைவைச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பதைச் சொற்பிறப்பு ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தூக்கும் பொறிக்குள் கொக்கின் சாயல் உள்ள ஒரு சொல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்குப் போதும்.

ஆனால் சித்தப்பாவின் கேள்விக்கு இது பதில் இல்லை. ‘நாம ஏன் அப்படி வெக்கல?’ உண்மையில், வைத்தோம். அங்கேதான் என் பழைய பதிவு வருகிறது.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்து அடைக்கலக்காதையில் மதுரைக் கோட்டையின் காவற்பொறிகள் ஒரு நீண்ட பட்டியலாக வருகின்றன. தானாக வளைந்து எய்யும் வில், கல் உமிழும் கவண், கொதிக்கும் எண்ணெய், பாகு காய்ச்சும் குழிசி, உலோகம் உருக்கும் உலை, மதிலைப் பிடிப்பவர் கையைக் குத்தும் ஊசி. ஐயவித்துலாம் என்று ஒன்று. (யாழ்ப்பாணத்துக் கிணற்றடித் துலாவின் பெயர்தான், இங்கே போர்க்கருவி.) இவற்றோடு விலங்குப் பெயர்களும் உண்டு: கரிய விரல் ஊகம், அதாவது குரங்கு. பன்றி. ஆண்டலை என்னும் பறவையின் பெயரில் ஆண்டலையடுப்பு. கடைசிப் பகுதியில் சிரல்.

சிரல் என்றால் மீன்கொத்தி. சிச்சிலி என்றும் சொல்வார்கள். ‘சென்று எறியும்’ என்ற அடைமொழியோடு வருகிறது. உரைகாரர் அடியார்க்குநல்லார் இதைப் பகைவர் மேல் போய்க் கண்ணைக் கொத்தும் சிச்சிலிப் பொறி என்று விளக்குகிறார். ஆண்டலையடுப்புக்கு இன்னும் பயங்கரமான விளக்கம்: அந்தப் பறவை வடிவாகச் செய்து பறக்கவிட்டால் உச்சந்தலையைக் கொத்தி மூளையைக் கடிக்குமாம்.

6 வருடத்துக்கு முன் இந்த இரண்டு விளக்கங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ‘சோழர், பாண்டியர் காலத்து ட்ரோன்’ என்று ஒரு பதிவு போட்டேன். இந்த வலைப்பூவில் அதிகம் பகிரப்பட்ட பதிவு அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ யூட்யூப் வீடியோக்களில் என் வாக்கியங்களையே கேட்டிருக்கிறேன், பின்னணி இசையோடு. ஒரு பள்ளியில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள், பேசினேன், பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இப்போது உறுத்துகிறது.

சித்தப்பாவிடம் மறுநாள் இதைச் சொன்னேன். “நம்ம ஆளுங்களும் மிஷினுக்குப் பறவை பேர் வெச்சாங்க சித்தப்பா. மீன்கொத்தின்னு ஒரு மிஷின். கோட்டையிலேர்ந்து போயி எதிரி கண்ணைக் கொத்தும்.”

அவர் கேட்டது ஒரே கேள்வி. “கயிறு எங்க?”

புரியவில்லை. தறியைக் காட்டினார். அவர் கையில் ஒரு பிடி, அதிலிருந்து இரண்டு பக்கமும் கயிறு. இழுத்தால் நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பாய்கிறது. திரும்ப இழுத்தால் திரும்ப வருகிறது. “போறதுன்னா ஒண்ணு கயிறு இழுக்கணும், இல்ல ஆளு வீசணும். வீசினா போனது போனதுதான். அப்புறம் எப்பிடி மறுபடி கொத்தும்?”

தறிக்காரருக்கு இது கவிதை இல்லை. ஒரு பொருள் போகிறது என்றால் எதனால் போகிறது, எப்படித் திரும்புகிறது. அந்த இரண்டும் எந்த உரையிலும் இல்லை.

அவர் தறியில் பாய்கிற அந்த நாடா ஜான் கே என்ற இங்கிலாந்துக்காரர் 1733-இல் காப்புரிமை வாங்கியது. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் ‘பறக்கும் நாடா’. அது பறப்பதில்லை. மரப்பாதைமேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இது உறைத்த பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன. சென்னையில் 1995-இல் ஓடத்தொடங்கியது ‘பறக்கும் ரயில்’. தேர்தல் வந்தால் ‘பறக்கும் படை’, பொலேரோவில் வந்து டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். ஆயிரம் வருடம் கழித்து தண்டவாளமும் தூணும் எல்லாம் அழிந்து, ‘பறக்கும் ரயில்’ என்ற இரண்டு சொல் மட்டும் ஒரு பட்டியலில் மிஞ்சினால் என்ன ஆகும்? என்னைப்போல் ஒருவன் பதிவு போடுவான்.

ரோமானியர் கதை இதைவிடத் தெளிவு. கி.மு. 260-இல் மைலே என்ற இடத்தில் கார்த்தேஜியரோடு நடந்த கடற்போரில் அவர்கள் ஒரு புதுப் பொறியைக் கொண்டுவந்தார்கள். பெயர் காக்கை. லத்தீனில் ‘கோர்வுஸ்’, கிரேக்கத்தில் ‘கொராக்ஸ்’. பெயரை மட்டும் கேட்டால் எதிரிக் கப்பல் மேல் காக்கை பறந்துபோய்க் கொத்தியது என்று எழுதிவிடலாம். நல்லவேளையாக பாலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் அளவோடு எழுதி வைத்துவிட்டார். 24 அடிக் கம்பம், அதில் கப்பி, கயிற்றில் தூக்கி நிறுத்திய 36 அடி நீள, 4 அடி அகலப் பலகைப் பாலம். நுனியில் உலக்கை மாதிரி கூரான இரும்பு. எதிரிக் கப்பல் பக்கத்தில் வந்ததும் கயிற்றை விட்டால் பாலம் விழும், இரும்பு மூக்கு தளத்தில் குத்திக்கொண்டு நிற்கும், வீரர்கள் ஓடிப்போய் ஏறுவார்கள். அந்த மூக்குதான் காக்கை. சித்தப்பா கேட்ட கயிறு பாலிபியஸிடம் இருக்கிறது. நமக்குப் பாலிபியஸ் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் கிடைத்தது.

(ஊர்காண் காதையில் மதுரைக் கோட்டை வாயிலை யவனர்கள் காவல் காக்கிறார்கள். ஆகவே ரோமானியக் காக்கைதான் மதுரைச் சிரல் ஆயிற்று என்று யாராவது கிளம்பினால், நான் அந்த ஆட்டத்துக்கு வரவில்லை. ஒரு தடவை பட்டது போதும்.)

பெயர் பறவையாக இருந்தால் பொறி பறக்கவே பறக்காது என்றும் சொல்லிவிட முடியாது. ஈழப்போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் தலைக்கு மேல் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை மக்கள் ‘வண்டு’ என்றார்கள். காதில் கேட்ட இரைச்சலை வைத்து வந்த பெயர். அதைக் கேட்டாலே அடுத்து குண்டு விழும் என்று பதுங்குகுழியைத் தேடினார்கள். ட்ரோன் என்ற இங்கிலீஷ் சொல்லும் ஆண் தேனீதான் என்பதை அவர்கள் அகராதி பார்த்து வைக்கவில்லை. வண்டு பறந்தது. பறக்கும் ரயில் பறக்கவில்லை. ஆக, பெயரை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. பெயர் வைத்தவர் எதைப் பார்த்தார் அல்லது எதைக் கேட்டார் என்று மட்டும்தான் யோசிக்கலாம்.

அப்படி யோசித்தால் சிரலில் என்ன பார்த்தார்கள்? இதற்கு நம்மிடம் ஒரு சாட்சி இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் ஒரு சிரல் வருகிறது. காஞ்சி மரக் கிளையில் ஏறி, ஆழமான குளத்தைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறது. பிறகு பாய்ந்து கயலை எடுக்கிறது. அதன் கூர்நகம் பட்டுத் தாமரை இலை கிழிந்து வடு விழுகிறது. பழைய புலவர் அந்தப் பறவையின் நிறத்தை ஒரு சொல்லில் சொல்லிவிட்டு, காத்திருப்பதையும் ஒரே பாய்ச்சலையும் மிஞ்சுகிற வடுவையும்தான் பார்த்திருக்கிறார். மதில் மேல் ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு விசைப்பொறிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பல நாள் சும்மா இருக்கும். பிறகு ஒரே தடவை பாயும். ஈட்டியோ, இரும்பு அலகு வைத்த கழியோ, எதுவாகவும் இருக்கலாம். சிறகு தேவையில்லை.

கண்ணைக் கொத்துவது எங்கிருந்து வந்தது? மூலத்தில் கண் இல்லை, கொத்தலும் இல்லை. சென்று எறிவது மட்டும்தான். எறி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வீசு, தாக்கு, வெட்டு என்று பல பொருள். கொத்துவது மீன்கொத்தியின் வேலை, எறிவது பொறியின் வேலை. உரைகாரர் பொறியின் பெயரிலிருந்து பறவைக்குப் போய், பறவையின் அலகை எடுத்துக்கொண்டு வந்து பொறியில் மாட்டிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடியார்க்குநல்லாரைக் குறை சொல்வது எனக்கு எளிதில்லை. இசையும் கூத்தும் பற்றி அவர் எழுதிவைத்தவை இல்லாவிட்டால் அரங்கேற்று காதையில் பாதி நமக்கு இருட்டு. 1892-இல் உ.வே.சாமிநாதையர் அரும்பதவுரையோடும் அவர் உரையோடும் சிலம்பைப் பதிப்பித்த பிறகுதான் அந்தக் காப்பியத்தையே நாம் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினோம். ஆனால் அவர் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியவர் என்பது பொதுவான கணிப்பு. சிலம்புக்கும் அவருக்கும் இடையில் பல நூற்றாண்டுகள். அந்த இடைவெளியில் இன்னொரு பறவை வந்துபோயிருக்கிறது: சீவகசிந்தாமணியின் மயிற்பொறி.

அந்த மயில் சந்தேகமே இல்லாமல் பறக்கிறது. சச்சந்தன் தன் நிறைமாதக் கர்ப்பிணி விசயையை அதில் ஏற்றி அனுப்புகிறான். விசையை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்து மேலே போகும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலை மடக்கி உட்காரும். திருத்தக்கதேவர் கயிற்றுக்குப் பதில் குமிழைக் கொடுத்துவிட்டார், எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று கூடச் சொல்லிவிட்டார். கற்பனைதான், ஆனால் பொறி எப்படி வேலை செய்யும் என்று யோசித்த கற்பனை. இந்தக் காவியத்துக்குப் பின் வந்த ஒருவர் ‘ஆண்டலை’ என்ற பறவைப் பெயரை ஒரு பொறிப்பட்டியலில் பார்த்தால், அதைப் பறக்கவிட்டுப் பார்க்கத்தானே தோன்றும்? இது என் ஊகம், நிரூபணம் இல்லை.

ஆண்டலையடுப்பில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்தப் பட்டியலில் அதற்குச் சற்று முன்னால்தான் எண்ணெயும் பாகும் உலையும் காய்கின்றன. இவ்வளவு கொதிப்புக்கு நடுவில் ‘அடுப்பு’ என்று ஒரு சொல் வந்தால், அதை ஏன் அடுப்பு என்றே படிக்கக்கூடாது? நம்ம வீட்டு மண் அடுப்பில் பாத்திரம் உட்காரக் குமிழ் வைப்பார்களே, அந்தக் குமிழைத் தலை மாதிரி செய்த பெரிய அடுப்பு ஒன்று மதில் மேல் இருந்திருக்கலாம். பறவைத்தலை விளக்கு நாம் பார்த்ததில்லையா என்ன, அன்னம் வைத்த குத்துவிளக்கு எத்தனை வீட்டில் இருக்கிறது! நடுவில் கல் கூடை, தூண்டில், தொடக்கு என்று வேறு பொருள்கள் வருவதால் இந்த வாசிப்பு கொஞ்சம் தள்ளாடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூளையைக் கடிக்கும் பறவையைவிட அதிகம் தள்ளாடவில்லை.

என்னை உண்மையில் வெட்கப்படவைத்தது வேறு. அதே பட்டியலில் பன்றி இருக்கிறது, குரங்கு இருக்கிறது. பன்றி என்பது மதில் ஏறுகிறவர் உடலைக் கிழிக்க இரும்புக் கொம்பு வைத்துச் செய்த பொறி என்கிறார்கள். அந்தப் பன்றி மதில் மேல் உறுமிக்கொண்டு நடந்தது என்று நான் எழுதினேனா? இல்லை. பன்றியைப் பெயராகவும் குரங்கைப் பெயராகவும் படித்துவிட்டு, பறவையை மட்டும் நிஜமாகப் படித்தேன். ஏனென்றால் ட்ரோன் இப்போது பெருமை. பன்றி பெருமையில்லை.

சரி, ட்ரோன் இல்லையென்றால் அந்தப் பட்டியலில் என்ன மிச்சம்? இதற்காகப் பகுதியை முழுக்கத் திரும்பப் படித்தேன். 6 வருடத்துக்கு முன் நான் அந்தப் பன்னிரண்டு வரியை மட்டும்தான் வெட்டி எடுத்திருக்கிறேன், முன்னும் பின்னும் பார்க்கவே இல்லை.

முன்னால் என்ன நடக்கிறது? கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். மாதரி இடைச்சி, இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறவள். மாலை நேரம். ஆயர் பெண்கள் கூட வர, கண்ணகியை அழைத்துக்கொண்டு போகிறாள். அந்த நடையின் போதுதான் காவற்காடு வருகிறது, அகழி வருகிறது, மதில் மேல் ஒவ்வொரு பொறியாக வருகிறது, கடைசியில் கொடி ஆடும் வாயில். அதைக் கடந்து மாதரி தன் வீட்டுக்குள் போகிறாள். அவ்வளவுதான்.

பால்காரப் பெண்கள் கூட்டத்தின் நடுவில், வழிநடையில் கால் நொந்த ஒரு பெண் அந்தப் பட்டியலின் கீழே நடந்து போகிறாள். பன்றி அசையவில்லை. குரங்கு கடிக்கவில்லை. சிரல் பாயவில்லை. எதற்குப் பாயவேண்டும்? அவள் பகைவர் இல்லையே. அத்தனை பொறியும் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கின்றன, மதுரையை எரிக்கப்போகிறவள் அவற்றின் அடியில் தலைகுனிந்து வீட்டுக்குப் போகிறாள். இளங்கோ இதை எங்கேயும் விளக்கவில்லை. பட்டியலைச் சொல்கிறார், வாயிலைத் தாண்டவைக்கிறார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிரலுக்கு அவர் கொடுத்த வினை ‘எறி’. வஞ்சினமாலையில் கண்ணகி தன் இடமுலையைத் திருகி, மதுரையை மூன்று முறை சுற்றி வந்து அதை வீதியில் விட்டெறிகிறாள். அங்கேயும் அதே ‘எறி’. சென்று எறியும் பொறி கோட்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சென்று எறிந்தது யார்? இளங்கோ இந்த இரண்டு இடத்தையும் நினைத்துச் சேர்த்தார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், எறி என்பது சாதாரணமாகப் புழங்கும் சொல்தான். ஆனால் அடுத்தடுத்துப் படிக்கிறவர் காதில் அது விழாமல் போகாது. என் காதில் விழாமல் போனதற்குக் காரணம், பன்னிரண்டு வரியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஓடியதுதான்.

இதைத்தான் அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டும். ‘நம் முன்னோர் ட்ரோன் விட்டார்கள்’ என்று சொல்லிக் கைதட்டு வாங்கினதைவிட, ‘இத்தனை பொறி வைத்த ஊர் எப்படி எரிந்தது பாருங்கள்’ என்று சொல்லியிருந்தால் இரண்டு பிள்ளையாவது சிலம்பைத் திறந்து பார்த்திருக்கும்.

பழைய பதிவை அழிக்கவில்லை. அழித்தால் யூட்யூப்காரர்களிடம் மட்டும்தான் அது மிஞ்சும். தலைப்பில் கோடு அடித்து, இந்தக் கட்டுரைக்கு மேலேயே சுட்டி கொடுத்திருக்கிறேன். தலைப்பில் ‘சோழர்’ எதற்கு வந்தது என்று அப்போதே ஒரு வாசகர் கேட்டிருந்தார், பாண்டியர் கோட்டை ஆயிற்றே என்று. அவருக்கும் பதில் போடாமல் விட்டிருக்கிறேன். அவர் கேட்டது சரி.

போன வாரம் வெம்பாக்கம் போனபோது அந்த நோட்டீஸ் இன்னும் இருந்தது. ‘கொக்கு’ என்பதை யாரோ பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘கிரேன்’ என்று எழுதியிருந்தார்கள். சித்தப்பாவுக்கு அதில் வருத்தம். அவர் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது, கரையில் இருதலைப்பட்சி. மீன்கொத்தி மிஷின் என்ன ஆச்சு என்று கேட்டார். கயிறு கிடைக்கவில்லை என்றேன்.

“கெடைக்காது. பேர் எழுதினவன் நெய்யறவன் இல்ல” என்றார். ஜக்கார்டு கட்டையை மிதித்தார். கொக்கிகள் மேலே போயின.